பாண் மெட்டுத் தாலாட்டு

— கடல் பக்கம் பார்த்துச் சத்தியம் பண்ணுறன், ஷபீகா பிள்ளை. இனி நான் சொல்லப்போறதில ஒரு சொல்லுப் பொய் எண்டாலும் இந்த ஃபிளாட்டின்ர லிஃப்ட் இண்டைக்கே பழுதாப் போகட்டும்.

— லிஃப்ட் முந்தாநாளே பழுது, அங்கிள். புள்ளயத் தூக்கிட்டு மூணாம் மாடியில இருந்து படியேறித்தானே வந்தன்.

— அது பழைய பொய்யளுக்கு. அதுவும் நாகேஸ்வரி சொன்ன பொய்யளுக்கு.

— இஞ்சேருங்கோ, என்னை ஏன் இழுக்கிறியள்? முதல்ல பிள்ளையின்ர கழுத்துக்குக் கீழ கையைக் குடுங்கோ. அப்பிடியில்லை. மற்றக் கை.

— எனக்கே பழக்கிறா! பிள்ளை, நீ இவ சொல்லுறதைக் காதில போடாதை.

— அங்கிள், பகிடி இல்ல. இண்டையோட என்ட லீவு முடியுது, நாளைக்கு பேங்க்குக்குப் போகணும். ரய்யான் என்ட கையில தவிர வேற யார்ட கையிலயும் தூங்குறானில்ல. மாளிகாவத்தை மாமி, 'புள்ள உறங்காட்டி வேலைய உட்டுட்டு ஊட்டுல இரி'ண்டு சொல்லிட்டாங்க. அவங்கட மகனும் அதுக்குத் தலையாட்டிட்டார். இண்டைக்கு உங்கட கையில இவன் தூங்கினாத்தான் பகல்ல உங்கள்ட்ட உட்டுட்டுப் போகலாம், எனக்கு வேலையும் இருக்கும்.

— வேலை இருக்கு எண்டு வைச்சுக்கொள். பாட்டைத் தெரிவு செய்யிறதிலதான் எல்லாம் கிடக்கு. நீ என்ன பாட்டுப் போட்டனி?

— போன்ல மழைச் சத்தம் போட்டன். அது நல்லம்ண்டு எல்லாரும் சொன்னாங்களே.

— வெள்ளவத்தைப் பிள்ளைக்கு மழைச் சத்தம் கேட்டால், ஒழுங்கைக்குள்ள வெள்ளம் ஏறிட்டுதோ எண்டு நெஞ்சிடி வரும். எப்பிடி நித்திரை கொள்ளுறது? என்ர மகன் கஜீவனைக் கேட்டுப் பார். இண்டைக்கு அவன் ரொறன்ரோவில பெரிய எஞ்சினியர். ஏன்? சின்னனில வடிவா நித்திரை கொண்டவன். ஆர் நித்திரையாக்கினது? நான்.

— நீங்களா?

— நானேதான். அவன் அழத் தொடங்கினால், இங்க நிக்காமல் போற மாத்தறை ரெயிலும் நிக்கும். ஒருநாள் டிரைவர் எஞ்சினை விட்டு இறங்கி, படியேறி வந்து, 'மஹத்தயா, இது என்ன புது சிக்னல்?' எண்டு சிங்களத்தில விசாரிச்சவன். நாகேசு தேத்தண்ணி குடுத்து அனுப்பினவ. என்ன நாகேசு?

— ம்.

— பார்த்தியே, சாட்சி. அப்பதான் நான் பாட்டுத் தேடத் தொடங்கினன். முதல்ல ஒரு குத்துப் பாட்டு. மூண்டு மாதப் பிள்ளை, தொட்டிலுக்குள்ள எழும்பி இருந்து தாளம் போட்டான். அதுவும் பிசகாமல்! சரிவராது எண்டு ஒரு சோகப் பாட்டு எடுத்தன். கஜீவன் கண் கலங்கேல்லை. கீழ் வீட்டு லோயர் நாகேந்திரம்தான் விம்மி விம்மி அழுதுகொண்டு தெஹிவளைக்கு ஓடிப்போய், வருசக்கணக்காக் கதையாமல் இருந்த தம்பியைக் கட்டிப்பிடிச்சவர்.

— அல்லாவே! சிரிப்புக் காட்டாதீங்க அங்கிள், புள்ள குலுங்குறான். சாமிப் பாட்டு மட்டும் வேணாம், சரியா? மாமிக்குத் தெரிஞ்சா என்ன உண்டு இல்லண்டு ஆக்கிருவாங்க.

— பயப்பிடாதை. நான் கடைசியாக் கண்டுபிடிச்ச பாட்டில சாமியும் இல்லை, சினிமாவும் இல்லை. வெறும் பாண்.

— பாணா? பேக்கரிப் பாணா?

— ஓம். விடியப்புறம் பாயிஸ் எண்டொருத்தன் சைக்கிளில பாண் கொண்டு வாறவன். ஒருத்தரும் இறங்கிப் போய் வாங்கமாட்டினம். ஒருநாள் நான் கஜீவனைத் தோளில போட்டுக்கொண்டு, பல்கனியில நிண்டு, ஒரு மெட்டை இழுத்தன். வாய்க்கு வந்த மெட்டு. அவன் அப்பிடியே நித்திரை. என்ன சத்தம் எண்டு பார்க்க ஒழுங்கை முழுக்க இறங்கி வந்திட்டுது. இறங்கின சனம் சும்மா திரும்புமே? பாயிஸின்ர பெட்டி காலி! மற்ற நாள் அவன் கீழ நிண்டு கும்பிடாத குறை. 'ஐயா, அந்த மெட்டைத் தாங்கோ.' குடுத்தன். இண்டைக்கு இந்த நாடு முழுக்கப் பாண் ஓட்டோ அடிச்சுக்கொண்டு திரியிற மெட்டு இருக்கே, அது என்ர மகனுக்கு நான் பாடின தாலாட்டு.

— சும்மா சொல்லாதீங்க!

— ஒரு ஓட்டோவில எண்டாலும் என்ர பேர் எழுதிக் கிடக்கோ? இல்லை. நான் ஒண்டும் சொல்லுறேல்லை. பெருந்தன்மை.

— அப்ப அந்த மெட்ட இப்பப் பாடுங்களே. கேப்பம்.

— பொறு, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்க வேணும். முதல் தோளில இப்பிடிச் சாய்ச்சு, முதுகில மெல்ல...

— ஷ்ஷ்! அங்கிள், பேசாதீங்க. ஆன்ட்டி, பாருங்க... கண்ண மூடிட்டான். கையும் தொங்குது. தூங்கிட்டான்!

— பார்த்தியே. பாட்டின்ர பேரைக் கேட்டே நித்திரை.

— யா அல்லா. ஒரு மாசமா வேற யார்ட கையிலயும் தூங்காத புள்ள! இப்பவே போட்டோ எடுத்து மாமிக்கு அனுப்புறன். நாளைக்குக் காலையில கொண்டு வந்து தாறன், சரியா? தாங்க, அந்தக் கட்டில்ல போடுவம்.

— வேண்டாம். இருக்கட்டும்.

— கை நோகுமே, அங்கிள்.

— நோகாது. நீ கதையாதை, பிள்ளை எழும்பிவிடும்.

— இருக்க விடு, மகள். கஜீவன் தொட்டிலில கிடந்த காலம் முழுக்க இவர் கப்பல் வேலையில. இவரின்ர கையில நித்திரை கொண்ட முதல் பிள்ளை உன்ர ரய்யான்தான்.