தெருவுக்கு ஒரு சட்டி

மருந்து காய்ச்சும் மண்சட்டிக்குச் சோப்புப் போடக்கூடாது, ஐயா. மண் சோப்பைக் குடித்துவிடும். உங்கள் ஆட்கள் என் வீட்டுச் சட்டிகள் இரண்டையும் எடுத்துப் போனபோது இதைத்தான் சொல்ல நினைத்தேன். யாரும் காது கொடுக்கிற நிலையில் இல்லை.

முப்பத்தோரு வருடம் பெரியவர் லூவின் மூலிகைக் கடையில் சரக்கு நிறுத்துக் கொடுத்தவன் நான். என் மனைவி வென்ஜூ நாடகக் குழுவில் பாடினாள். எங்கள் பக்கத்து நாடகத்தில் ஆண் வேடமும் பெண்களே கட்டுவார்கள். இருபது வருடமாக வென்ஜூ கதாநாயகி, யாவ்லான் மேடையில் அவளுக்குக் கணவன். வருடத்தில் எட்டு மாதம் ஊர் ஊராகப் போய்விடுவார்கள். வீட்டில் நானும் அடுப்பும்தான். தேநீர்க் கடையில் என்னை விடமாட்டார்கள். "நீ வீட்டுப் புருஷன், அது மேடைப் புருஷன். அங்க அவ அழுற அழுகையில பாதிகூட உனக்காக அழுதிருக்க மாட்டாப்பா" என்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் இன்னும் கேட்பார்கள்.

போன இலையுதிர்காலத்தில் அவளுக்குத் தொண்டை வறண்டது. உள்ளங்கை தகித்தது, தூக்கத்தில் வேர்த்துக் கொட்டியது, பாடினால் குரல் உடைந்தது. யின் குறைந்துவிட்டது, அதாவது உடம்பின் குளுமை வற்றிவிட்டது என்று வைத்தியர் ஆறு சரக்கு எழுதிக் கொடுத்தார். ஒன்பது தடவை அவித்து ஒன்பது தடவை வெயிலில் உலர்த்திய கருங்கிழங்கு முதலாக எல்லாம் சாதுவானவை. மூன்று மாதம் குடிக்கச் சொன்னார்.

முதல் ஐந்து வாரம் போல என் வாழ்க்கையில் வேறு நாட்கள் இருந்ததில்லை. காலையில் கிண்ணத்தை நீட்டுவேன். மூக்கைச் சுளித்துக் குடிப்பாள். கசப்புக்குச் சர்க்கரையில் ஊறிய இலந்தை ஒன்று கொடுப்பேன். பேச்சும் அடைத்துவிட்டதால் தாளில் எழுதிக் காட்டுவாள். ஒருநாள், "உங்க கை இவ்வளவு பக்குவம்னு இத்தனை நாளாத் தெரியாமப் போச்சே" என்று எழுதினாள். அந்தத் தாள் என் சட்டைப்பையில் இருந்தது. இப்போது உங்களிடம் இருக்கும்.

ஆறாவது வாரம் மருந்து வேலை செய்தது. முள்ளங்கி நறுக்கிக்கொண்டே ஓர் அடி பாடினாள். குரல் சுத்தமாக இருந்தது. குரல் வந்தால் மறுபடி எட்டு மாதம் போய்விடுவாள்.

அந்த ஆறோடு லவங்கப்பட்டையும் நாபிக் கிழங்கும் சேர்த்தால் அது வேறு மருந்து. குளிர்ந்து கிடக்கிற உடம்பைச் சூடாக்குவது. வற்றிய உடம்புக்கு அதைக் கொடுப்பது, அடிப்பிடித்த சட்டிக்கு இன்னும் விறகு வைப்பது மாதிரி. கொஞ்சம்தான் சேர்த்தேன். கடையில் நான் நிறுத்ததை இன்னொருவர் சரிபார்ப்பார். வீட்டில் யார் இருக்கிறார்கள்? நான்கே நாளில் குரல் மறுபடி போய்விட்டது.

சக்கைதான் சிக்கல். எங்கள் ஊரில் குடித்த மருந்தின் சக்கையை வாசலுக்கு முன்னால் தெருவில் கொட்டுவோம். போகிறவர் வருகிறவர் மிதித்தால் நோய் அவர்களோடு போய்விடும். கறுப்பு வில்லையாக நாபி கிடந்தால் தெரிந்தவன் கண்ணில் பட்டுவிடும் என்று நான் கால்வாயில் கொட்டினேன். யாவ்லான் கவனித்துவிட்டாள்.

"என்ன அத்தான், சக்கையத் தெருவுல காணோம்? நோயை வீட்டுலயே வச்சுக் கும்பிடப் போறீங்களா?"

அன்றிலிருந்து இரண்டு சட்டி. ஒன்று வென்ஜூவுக்கு. மற்றதில் வெறும் ஆறு சரக்கு, தெருவுக்கு. யாவ்லான் தினமும் ஒத்திகைக்குப் போகிற வழியில் வந்து, கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சக்கையை மூன்று தடவை மிதிப்பாள். வருகிற நோய் தனக்கே வரட்டும் என்பாள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வசந்த விழாவுக்குக் குழு கிளம்ப இருந்தது. முந்தின நாள் வென்ஜூ பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

"குரல் வராட்டியும் பரவால்லங்க, கூடப் போய் யாவ்லானுக்கு ஒப்பனையாவது பண்ணிவிடுறேன். தனியா விட்டா சாப்பிடவே மாட்டா" என்று காற்றாகச் சொன்னாள்.

நாபியை முதலில் தனியாக நெடுநேரம் கொதிக்கவிட வேண்டும், அப்போதுதான் அதன் விஷம் முறியும். கடையில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்கள். மறுநாள் காலை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டேன். அளவையும் கூட்டினேன். தெரிந்துதான் செய்தேன்.

ஒன்பது மணிக்குக் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் உதடு மரத்துப் போகிறது என்றாள். பிறகு நெஞ்சு தடதடக்கிறது என்று என் கையை எடுத்து அங்கே வைத்துக்கொண்டாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. அவள் பிழைக்க வேண்டும் என்று அப்போது உண்மையாகவே ஆசைப்பட்டேன். தெருவுக்கென்று காய்ச்சிய சக்கை அவள் வாய் படாதது, அது எந்த நோயைச் சுமக்கும்? அவள் குடித்த சட்டியின் சக்கையை எடுத்துப் போய் நடுத்தெருவில் கொட்டினேன். நிறையப் பேர் மிதிக்கட்டும் என்று பரப்பியும் விட்டேன்.

யாவ்லான் வந்து மிதித்தாள். செருப்பில் ஒட்டியதைக் குனிந்து எடுத்துப் பார்த்தாள். இத்தனை நாள் மிதித்த சக்கையில் அந்தக் கறுப்பு வில்லை இருந்ததில்லை. அதைக் கையோடு எடுத்துக்கொண்டு நேராகப் பெரியவர் லூவிடம் போயிருக்கிறாள். இருவரும் வண்டி பிடித்து வரும்போது பதினொன்றரை. வென்ஜூ என் மடியில் அடங்கிவிட்டிருந்தாள்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. உதடு மரத்தபோதே தூக்கிக்கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பாள் என்கிறீர்கள். எனக்கும் தெரியும், ஐயா. மருத்துவமனை ஏழு நிமிட நடை. ஆனால் அங்கே நோயாளியின் பக்கத்தில் ஒருவரைத்தான் இருக்க விடுவார்கள். யார் இருக்கட்டும் என்று அவளைக் கேட்பார்கள்.