சுவரோரக் கறை

டீ வேண்டாம் சார், குடித்தால் எனக்கு நெஞ்சு கரிக்கும். தண்ணீர் போதும்.

மருந்துத் தொழிற்சாலைக்குள் பூச்சி, எலி வராமல் பார்த்துக்கொள்வது என் வேலை. எலி பிடிக்கிறவன் என்று கேலி செய்வார்கள். பிடிப்பதெல்லாம் கடைசி, வழியை அடைப்பதுதான் வேலை. ஒரு பென்சில் நுழையும் சந்து போதும், சுண்டெலிக்கு அது ராஜபாட்டை. நாங்கள் காய்ச்சுவது குழந்தைகள் குடிக்கிற இருமல் மருந்து. அதில் ஒரு மயிர் விழுந்தாலும் என் தலைதான் உருளும்.

சரக்கு இறக்கும் இடத்தில் இரண்டு கதவுகள். வெளிக்கதவு மூடினால்தான் உள்கதவு திறக்கும். அங்கே ஸ்டோர் கீப்பர் என் மனைவியின் தம்பி. நான் சிபாரிசு செய்து சேர்த்தவன். காற்று வேண்டுமென்று பூட்டில் ஒரு காந்தத்தை ஒட்டி ஏமாற்றிவிட்டு, இரண்டு கதவையும் ஆவென்று திறந்து வைப்பான். கேட்டால், "எலி என்ன மச்சான், கதவைத் தட்டிட்டா வரப்போகுது?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நான் கோபக்காரன் இல்லை.

போன வாரம் சர்க்கரை மூட்டைக்குள் ஓர் எலி செத்துக் கிடந்தது. இருந்த சரக்கெல்லாம் குப்பைக்குப் போயிற்று. "எப்படி வந்துச்சுன்னு சொல்லு. உன் தப்புன்னா நீ வீட்டுக்குப் போயிடு" என்றார் மேனேஜர். கதவு வழியாக என்றேன். திறந்து வைத்தது யார் என்பதையும் சொன்னேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மச்சினன் என்னை ஸ்டோருக்குக் கூப்பிட்டான். "எலி ஒரே வழியாத்தான் ஓடும், அது உடம்பு எண்ணெய் சுவத்துல கறையா படியும்னு நீங்கதானே சொன்னீங்க? வாங்க, காட்டறேன்." கடப்பாரையால் நெம்பி மூட்டைகளை நகர்த்தினோம். கதவோரம் சுத்தமாக இருந்தது. கறை, தண்ணீர்க் குழாய் சுவருக்குள் போகும் ஓட்டைக்கு நேராகப் போயிற்று. கம்பிவலை வைத்து அடைத்தாயிற்று என்று நான் கையெழுத்துப் போட்ட ஓட்டை. அடைக்க மறந்திருந்தேன்.

"அக்கா முகத்துக்காக உங்ககிட்ட முதல்ல சொல்றேன். மேனேஜர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க மச்சான், நானும் கூட வர்றேன்" என்றான். சொல்லிவிட்டு ஓட்டையைக் குனிந்து பார்த்தான்.

பசைத் தட்டில் ஒட்டிய எலியைத் தவிக்க விடக்கூடாது; பின்மண்டையில் ஒரே அடி. கடப்பாரை என் கையில்தான் இருந்தது. மனிதனுக்கு ஓர் அடி போதவில்லை. திரும்பி "மச்சான்" என்றான். அடுத்த அடி வாயில் விழுந்தது; பற்கள் மூட்டைமேல் தெறித்தன. கை முறிந்த பிறகும் அதே கையால் முகத்தை மூடிக்கொண்டான். அசைவு நிற்கும்வரை அடித்தேன். பிறகு ஈ மொய்க்காதபடி தரையைக் கழுவினேன். கம்பிவலை கொண்டுவந்து ஓட்டையை அடைத்தேன். நல்ல வேலை, போய்ப் பாருங்கள். ஓர் எறும்புகூட நுழையாது.

என் மனைவி வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்றீர்கள். கதவைத் திறந்து வைத்ததால்தான் தம்பிக்கு இப்படி ஆயிற்று என்று அவளிடம் சொல்லுங்கள். நியாயம் தெரிந்தவள், புரிந்துகொள்வாள். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறாளா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள் சார்.