சிறகரசனின் ரோப்

கறி அடைத்துச் சுட்ட மீட் பை மேல் தக்காளி சாஸ் ஊற்றாமல் தின்கிற ஆஸ்திரேலியன் ஒருவனைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவன் நெவில் கார்மடி. ஆள் அப்படி ஒரு தினுசு. அதனாலேயே எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம் இன்ஸ்பெக்டர் மேடம், சும்மா சொன்னேன்.

டூவூம்பா என்ற ஊர்ப் பக்கத்துப் பையன். டிவி தொடரில் கடற்கரைக் காவலனாகச் சட்டையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தவனை மாயாஜாலப் படங்கள் பிடித்துக்கொண்டன. முதலில் குட்டிச்சாத்தான் வேஷம். முகத்தில் அப்பியிருந்த ரப்பரில் அவன் அம்மாவுக்கே அடையாளம் தெரியவில்லை. அடுத்து, பேசும் மரத்துக்குக் குரல். அதற்கப்புறம்தான் சிறகரசன், இறக்கை வைத்த ராஜா வேஷம். பிறகு அவன் பால் வாங்கப் போனால்கூடப் பிள்ளைகள் மண்டியிட்டார்கள். "எழுந்திரிங்கடா, பால் தீர்ந்துபோன ராஜாவுக்கு என்னடா மரியாதை?" என்பான்.

சிறகரசன் பறக்க வேண்டும். நெவிலுக்கோ ஏணியில் ஏறினாலே கால் நடுங்கும். கோல்ட் கோஸ்ட் ஸ்டுடியோவில் நடிகர்களை ரோப்பில் கட்டி, இயந்திரத்தால் மேலே இழுப்பது என் வேலை. முதல் நாள் அந்தரத்தில் வெளிறிப்போய்த் தொங்கினான்.

"மெர்வ், விட்டுட மாட்டியே?"

"என்னையே பாரு. கீழ பாக்காத."

பார்க்கவில்லை. பறந்தான். தொலைதூர ராஜ்யத்தை அளக்கும் பார்வை என்று பத்திரிகைகள் எழுதினவே, அது என் வழுக்கைத் தலையைப் பார்த்த பார்வை.

அடுத்த படத்தில் ரோப் வேலைக்கு மெல்போர்னிலிருந்து ஷோனா பர்ட்டில்ஸ் என்ற பெண்ணையும் கொண்டுவந்தார்கள். கை தேர்ந்தவள், கலகலப்பானவள். நெவில் அவளோடு சிரித்துச் சிரித்துப் பேசினான். அவள் டீ குடிக்கப் போனபோது அவனுக்கு அவள் போட்டிருந்த ரோப் முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தேன். ரொம்பக் கொஞ்சம்தான். நெவில் ஆள் உயரத்திலிருந்து விழுந்தான், மணிக்கட்டு முறிந்தது, அவ்வளவே. ஷோனாவை அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நெவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே உன்னைத் தவிர ஒருத்தன் என் ரோப்பைத் தொடக் கூடாது" என்றான். யாரை நம்பலாம் என்று மனிதனுக்குத் தெரிய வேண்டாமா? அந்த வலி அவன் நல்லதுக்குத்தான்.

போன மாதம் ஸ்டுடியோவுக்குப் பின்னால் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தோம். அங்கேதான் சொன்னான்.

"மெர்வ், இதோட முடிச்சுக்கறேன்யா. டாஸ்மேனியால ஒரு சின்னப் படம். ஸ்கூல் வாத்தியார் வேஷம். படம் பூரா தரையிலதான் நடக்கறேன்."

"ரசிகருங்க அழுவாங்கடா."

"அழட்டும். இறக்கை இல்லாம மல்லாந்து படுத்தே வருஷமாச்சு." என் முதுகில் தட்டினான். "நீயும் மீன் பிடிக்கப் போ. எத்தனை நாளைக்குத்தான் என்னையே பிடிச்சிட்டிருப்ப?"

நானும் சிரித்தேன். மனத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. நன்றாகச் சிவந்த சாசேஜை அவன் தட்டில்தான் வைத்தேன். ஆனால் நீங்களே யோசியுங்கள். உலகமே அண்ணாந்து பார்த்தவன், கையில் சாக்பீசோடு, தொந்தியோடு, தரையில். அந்தப் பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டுமா?

கடைசி ஷாட்டைப் போன வாரம் ஒரு காலையில் எடுத்தோம். அருமையான வெளிச்சம். அவனைக் கூரை வரைக்கும் ஏற்றினேன். அதுவரை எந்தப் படத்திலும் அவ்வளவு உயரம் போனதில்லை. கீழே எல்லாரும் கை தட்டினார்கள்.

உங்கள் ஆட்கள் அந்த இயந்திரத்தைப் பிரித்துப் போட்டு, பராமரிப்புச் சரியில்லை என்று எழுதியிருக்கிறார்களாம். அதனால்தான் நானே கிளம்பி வந்தேன். அந்த இயந்திரத்தை எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பவன் நான். அதில் தூசியளவு குறை கிடையாது. பிரேக் தானாக விடவில்லை மேடம். நான்தான் விட்டேன். என் கையால், நிதானமாக.

அவன் கத்தவில்லை. இறங்கும்போதும் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பிடித்துவிடுவேன் என்று தரை வரும்வரை நம்பினான், முகத்தில் துளி பயம் இல்லை. உயரத்தைக் கண்டாலே நடுங்குகிறவனுக்கு அந்த நிம்மதியை வேறு யார் கொடுத்திருப்பார்கள், சொல்லுங்கள்.