கூடத்தில் முடிந்த கம்பி

எதையும் முழுவதும் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடும் வழக்கம் எனக்கில்லை.

தில்லி துவாரகாவில் என் வீட்டின் இரண்டு அறைகளை மூன்று மாணவர்களுக்கு விட்டிருந்தேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் தில்லித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இலக்கணம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். மனைவி மங்களம் இவ்வூர்க் குளிருக்கு அஞ்சி, திருச்சியில் மகளோடு இருந்துவிட்டாள்.

இரண்டாயிரத்து எட்டில் மாணவர்கள் இணைய இணைப்பு வேண்டுமெனத் தீர்மானித்தார்கள். வெளியூர்ப் பிள்ளைகளிடம் முகவரிச் சான்று இராது; விண்ணப்பம் வீட்டுக்காரர் பெயரில்தான் போக வேண்டும். அவர்களில் கௌதமன் படிவத்தை நிரப்பி, நான் கையெழுத்திட வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு வந்தான்.

"டிவி பேக்கேஜ் வேணாம் சார், நெட் மட்டும் போதும். நீங்க சைன் பண்ணுங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம்."

தமிழ்ச் செய்தி வராதா என்று கேட்டேன்.

"அத யார் சார் உக்காந்து பாப்பா? கான்பூர்ல வளந்தவன் இந்த சேஷு. அவனுக்குத் தமிழே சப்டைட்டில் போட்டாத்தான் புரியும்."

"அச்சா, நீ பெரிய புலவர்" என்றான் சேஷு.

என் வீட்டில், என் பெயரில், என்னைக் கேளாமலே முடிவு. அப்படிவத்தைக் கிழித்துவிட்டு, தமிழ் அலைவரிசைகளும் இணையமும் சேர்ந்த திட்டத்துக்கு நானே எழுதிக் கொடுத்தேன். கம்பி என் கூடத்துக் கணினியோடு நின்றது. வேண்டுவோர் கூடத்துக்கு வரட்டும். இதில் அநீதி ஏதுமில்லை.

இரண்டே மாதத்தில் கௌதமனும் சேஷுவும் மடிக்கணினியில் செருகும் இணையக் கருவி வாங்கிக்கொண்டார்கள். பிறகு அவர்கள் கூடத்தைக் கடப்பது செருப்பு மாட்டுவதற்கு மட்டுமே.

மூக்கன் மட்டும் வந்தான். சிவகங்கைப் பக்கத்துப் பிள்ளை. தாவரவியல் முதுகலை இறுதியாண்டு. சொந்தக் கணினி இல்லை. மாலைதோறும் மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு என்னோடு செய்தி பார்ப்பான். வாசிப்பவர் செய்யும் பிழைகளை நான் சுட்டுவேன். "இன்னொரு தடவ சொல்லுங்கய்யா" என்பான். முப்பத்தெட்டு ஆண்டுகளில் எந்த மாணவனும் அப்படிக் கேட்டதில்லை.

மறு ஆண்டு வைகாசியில் தங்கை ஆராயியின் திருமணத்துக்காக ஊருக்குப் புறப்பட்டான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்விடத்துக்கு விண்ணப்பித்திருந்தான். ஊரில் இணையம் இல்லை. கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பதில் வந்தால் தொலைபேசியில் சொல்லும்படி கேட்டுக்கொண்டான்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. அவனைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஐந்து நாளுக்குள் இசைவு தெரிவிக்க வேண்டும்.

நான் அவசரப்படவில்லை. அக்கடிதத்தை நான்கு முறை படித்தேன். நாற்காலி ஒன்று ஆளில்லாமல் இருந்தது, செய்தி ஓடிக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாத நாட்டில், பனியில், அவன் சொல்லை யார் திருத்துவார்கள்? குடும்பச் சூழ்நிலையால் வர இயலவில்லை என்று அவன் பெயரில் பதில் எழுதினேன். பணிவாகவே எழுதினேன். பிறகு இரண்டு கடிதங்களையும் அழித்தேன்.

ஐந்து நாளும் அவன் தொலைபேசியில் கேட்டான். ஐந்து நாளும் ஒன்றும் வரவில்லை என்றேன்.

கடைசி நாள் அவனே எனக்கு ஆறுதல் சொன்னான். "பரவால்லங்கய்யா. எனக்காக நீங்க தெனமும் பாத்தீங்கள்ல, அது போதும்."

திரும்பி வந்தவன், அவர்களுக்கே எழுதி விசாரிக்கட்டுமா என்று கேட்டான். கேட்டுப் பெறுவது மரியாதையன்று என்றேன். எழுதவில்லை. இப்போது பயிற்சி நிலையம் ஒன்றில் பாடம் எடுக்கிறான். முன்போலச் சிரிப்பதில்லை, தட்டில் பாதிச் சோறு மீந்துவிடுகிறது. ஆனால், மாலையில் தவறாமல் கூடத்துக்கு வருகிறான். நான் அவனை இழக்கவில்லை என்பதைவிட, அவன் என்னை இழக்கவில்லை என்பதே எனக்கு ஆறுதல்.

நேற்று அதே பல்கலைக்கழகத்துக்கு மீண்டும் விண்ணப்பித்தான். வேலை ஒன்றின் நேர்முகத் தேர்வுக்காகக் கல்கத்தா போகும் வாரத்தில் மின்னஞ்சலைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டிருக்கிறான். கடவுச்சொல்லை அவன் மாற்றவில்லை.

இன்று காலை இணைப்புக்காரர் புதுப்பிக்க வந்தார். ஓராண்டுத் திட்டமா, மூன்றாண்டுத் திட்டமா என்றார். படிவத்தை முழுவதும் படித்தேன், மூன்றாண்டுக்குக் கையெழுத்திட்டேன்.