கலையரசனைப் பாராட்டினேன்

நான் யாரையும் திட்டிப் பேச மாட்டேன். தொலைக்காட்சி விவாதங்களில் என்னைப் பார்ப்பவர்களுக்கு அது தெரியும். மற்றவர்கள் கத்தி ஓய்ந்த பிறகு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகச் சொல்வேன். 'அரசியல் விமர்சகர், முன்னாள் எம்.எல்.ஏ.' என்று என் பெயருக்குக் கீழே போடுவார்கள். அந்த 'முன்னாள்' கலையரசன் எனக்கு வாங்கித் தந்தது.

அவரை வளர்த்தவனே நான்தான். என் காரில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர். ஜலகண்டாபுரம் கூட்டத்தில் தலைவரைவிட எனக்குத்தான் கைதட்டல் அதிகம் என்று தலைவர் காதில் போட்டுவைத்தார். அடுத்த தேர்தலில் என் தொகுதி அவருக்குப் போனது. ஆனால் எங்கள் தலைவரால் எதைத் தாங்க முடியாது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

பிறகு விவாதங்களுக்குக் கூப்பிட்டார்கள். தலைப்பு மேட்டூர்த் தண்ணீராக இருந்தாலும் முட்டை விலையாக இருந்தாலும் பேச்சைக் கலையரசனிடம் கொண்டுவந்து நிறுத்துவேன். உழைப்பாளி, மக்கள் செல்வாக்குள்ளவர், அடுத்த தலைமைக்குத் தகுதியான ஒரே ஆள் என்பேன்.

முதலில் நன்றி சொல்லிப் போன் செய்தார். மாவட்டப் பொறுப்பு பறிபோனதும் செவ்வாய்ப்பேட்டையில் என் வீட்டுக்கே வந்து காலைப் பிடித்தார்.

"அண்ணா, என்னப் பத்தி இனி நல்லதாப் பேசாதீங்க. நான் கும்புட்டாக்கூடத் தலைவரு மூஞ்சியத் திருப்பிக்கறாருங்ணா."

"அழுவாத சாமி, காப்பியக் குடி" என்றேன். மனசு குளிர்ந்துபோனது.

அன்று மாலை விவாதத்தில், கலையரசன் கைக்குப் போனால்தான் கட்சி பிழைக்கும் என்றேன். மறுநாளே அவரைக் கட்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். கட்சியினர் யாரும் அவருடன் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அறிவிப்பும் வந்தது. அந்த வாரமே நாமக்கல்லில் தன் கோழிப்பண்ணையில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

தெரிந்தேதான் செய்தேன். கட்சி இல்லாமல் அவர் இருக்க மாட்டார். வளர்த்தவனுக்கு அதுகூடவா தெரியாது?

இழவு வீட்டில் அவர் மகள் கனிஷ்கா என் மாலையை வாங்கவில்லை.

"எடுத்துட்டுப் போயிருங்க. பாராட்டியே எங்கப்பாவக் கொன்னுபோட்டீங்க."

அத்தனை பேர் முன்னால் சொன்னாள். குரல் நடுங்கவே இல்லை.

ஊர் வாயை அடைக்கத் தலைவர் இப்போது அவளுக்கு இளைஞரணியில் பொறுப்பு கொடுத்திருக்கிறார். இன்று மாலை விவாதத்தில் அவளைப் பற்றிக் கேட்பார்கள். அவளை நான் ஒரு குறை சொல்ல மாட்டேன். அப்பாவை மிஞ்சிய பெண், கட்சியே அவள் பின்னால் வரும் என்று சொல்லப்போகிறேன்.