அக்காவுக்கு மூச்சு வாங்கியது

எனக்குச் சத்தம் ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். யாராவது கதவை ஓங்கிச் சாத்தினால் கூட எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. இப்படி ஒருவன் எங்கள் வீட்டில் வந்து பிறந்ததுதான் வேடிக்கை.

எங்கள் கிரகத்தில் வெளியே போய் மூச்சு விட முடியாது. நீங்கள் பிராணவாயு உறை மாட்டிக்கொண்டு வந்து இறங்கினீர்களே, உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒரே நகரம், மேலே கண்ணாடிக் கூரை, கீழே நாற்பதாயிரம் பேர். அத்தனை பேருக்கும் வாய் உண்டு. நான் காற்று நிலையத்தில் மேற்பார்வையாளன். காற்றில் நூற்றுக்கு இருபத்தொரு பங்கு ஆக்ஸிஜன் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. பதினெட்டு வருடம் பார்த்தேன். காற்று இன்று நன்றாக இருந்தது என்று ஒருத்தர் எனக்கு ஒரு வரி எழுதிப் போட்டதில்லை.

அக்கா கதை வேறு. அவள் படையில் சேர்ந்தாள். எல்லைச் சண்டையில் தீப்பிடித்த கப்பலுக்குள் போய் ஒவ்வொருவராகப் பதினொரு பேரை முதுகில் தூக்கி வந்தாள். பதக்கம் கொடுத்தார்கள். எங்கள் தெருவுக்கு அவள் பெயரை வைத்தார்கள். தினமும் காலையில் அக்கா மேல் நடந்துதான் நான் வேலைக்குப் போனேன். அம்மா யாரைப் பார்த்தாலும் "என் பொண்ணு இருக்காளே" என்றுதான் ஆரம்பிப்பாள். பையன் என்ன செய்கிறான் என்று கேட்டால், "அவனா, எங்கயோ வால்வு திருகறான்" என்பாள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வால்வு திருகுவதுதான் என் வேலை.

மூன்று வருடத்துக்கு முன்னால் வீடு ஒதுக்கீட்டில் தகராறு வந்தது. நகரசபை வாசலில் ஆயிரக்கணக்கில் கூடிவிட்டார்கள். நாற்காலி பறந்தது, கண்ணாடி உடைந்தது. தலைவர் கோப்பு அலமாரிக்குள் ஒளிந்தார் என்று பேச்சு. அவர் மறுக்கிறார். அந்த உடம்புக்கு அந்த அலமாரி பத்தாது என்பதால் நானும் நம்பவில்லை.

அந்த வாரம் பார்த்து நிலையத்தில் காற்று தயாரிக்கும் இரண்டாம் இயந்திரம் படுத்துவிட்டது. ஆக்ஸிஜன் பதினாறுக்கு இறங்கியது. நான் உதிரிபாகம் தேடி அலைந்துகொண்டிருந்தபோது கூட்டம் தானாகக் கலைந்தது. தடியடி இல்லை, சமாதானப் பேச்சு இல்லை. அசதியாக இருக்கிறது என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். கல்லோடு வந்த ஒரு மனிதர் அதையே தலைக்கு வைத்துச் சபைப் படிக்கட்டில் தூங்கினார்.

தலைவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும் இருந்தார்.

"எப்ப சரியாகும்?" என்று கேட்டார் தலைவர்.

"நாளைக்கு ஆயிடும் சார்."

"அப்படி என்ன அவசரம்?"

சதி, சதி என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது இவ்வளவுதான். இருட்டறை கிடையாது, சத்தியம் கிடையாது. மூன்று பேர், ஒரு மேசை, ஒரு தட்டு நமுத்துப்போன பிஸ்கட். இயந்திரத்தை நான் கெடுக்கவில்லை. சரி செய்யவில்லை, அவ்வளவே. நகரத்தில் இருந்த மீட்டர்களை மட்டும் இருபத்தொன்று காட்டும்படி திருத்தி வைத்தேன்.

அதன்பிறகு வந்த அமைதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கீழ்வீட்டுப் புருஷன் பெண்டாட்டி பத்து வருடச் சண்டையைப் பாதியில் மறந்துவிட்டார்கள். நீதிமன்றத்தில் வழக்கு இல்லாமல் நீதிபதி குறட்டை விட்டார். பள்ளிக்கூடத்தில் ஒழுக்கத்துக்காகத் தலைமையாசிரியைக்குக் கேடயம் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மட்டும் ஏறவில்லை, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் நான் வீட்டில் ஏதோ சொன்னேன். "நீ சொன்னா சரிதாம்பா" என்றாள் அம்மா. எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. அந்த வாக்கியத்தை முதல் தடவையாகக் கேட்டேன்.

நெஞ்சு பலவீனமானவர்கள் சிலர் தாக்குப் பிடிக்கவில்லை. டாக்டரம்மா சான்றிதழில் முதுமை என்று எழுதினார். சுரங்கத் தொழிலாளி ஒருவருக்கு நாற்பத்திரண்டு வயது. அவருக்கும் முதுமை என்று எழுதும்போது டாக்டரம்மாவே பேனாவை ஒரு நிமிடம் கீழே வைத்தார். பிறந்த குழந்தைகள் அதிகம் அழவில்லை. தங்கமான பிள்ளை என்று தாய்மார்கள் பெருமைப்பட்டார்கள். சில பிள்ளைகள் கடைசிவரை அழவே இல்லை. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர் என்று நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம். அது டாக்டரம்மாவின் துறை.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது அக்கா பன்னிரண்டு நாள் விடுமுறையில் வந்தாள்.

நாங்கள் மூன்றாம் மாடி. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினொரு பேரைச் சுமந்தவளுக்கு ஒரு பெட்டியோடு மூச்சு வாங்கியது.

உள்ளே போனதும் தன் படை உடையை ஆணியில் மாட்டினாள். அதன் கழுத்துப்பட்டியில் இருந்த காற்றுமானி கீச்கீச்சென்று கத்தியது. அவள் அதைத் தட்டிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள்.

"அதை நிறுத்தும்மா, பாவம், அதுக்கு என்னமோ பண்ணுது" என்றாள் அம்மா.

அக்கா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். கருவி கத்தியதைவிட அம்மா கத்தாததுதான் அவளைப் பயமுறுத்தியது என்று நினைக்கிறேன்.

மறுநாளிலிருந்து அவள் வீடு தங்கவில்லை. சந்தைக்குப் போனாள், பள்ளிக்கூடத்துக்குப் போனாள், இடுகாட்டுக்குப் போய்ப் புது வரிசைகளைப் பார்த்துவிட்டு வந்தாள். நான்காம் நாள் காலை பத்து மணிக்குத் தலைவர் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்து, காற்றுமானி காட்டிய அளவை ஒரு சீட்டில் எழுதி அவர் மேசைமேல் வைத்து, "இதைப் படிங்க" என்றாளாம். தலைவர் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றாராம். "நானே படிக்கறேன். பதினாறு. இது யார் வேலைன்னு நாளைக்குச் சபை நடுவுல கேப்பேன். இன்னிக்கே நீங்களா சொல்லிட்டா உங்களுக்கு நல்லது." அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மா கையிலிருந்து இறப்புப் பதிவேட்டைப் பிடுங்கி, நின்றபடியே முழுக்கப் புரட்டினாள். தைரியத்தில் குறை சொல்ல முடியாது. நாசூக்குத்தான் கொஞ்சம் போதாது.

தலைவர் எனக்குப் போன் செய்தார். "உங்க அக்கா. நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். அடுத்து டாக்டரம்மா பேசினார். நான் சந்தேகம் கேட்டேன், அவர் ஒரு எண் சொன்னார். அதைக் கையில் குறித்துக்கொண்டேன்.

மதியம் அக்கா நிலையத்துக்கே வந்தாள். நான் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவசியமே இருக்கவில்லை.

"டேய், உன்னை நல்லா ஏமாத்தியிருக்காங்கடா" என்றாள். "உன் மீட்டரையெல்லாம் மாத்தி வெச்சிருக்காங்க. நீ பாவம், பாத்துக்கிட்டே இருந்திருக்கே."

"அப்படியாக்கா?" என்றேன்.

அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. இவ்வளவு பெரிய காரியத்தில் எனக்குப் பங்கு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

நான்காம் அறையில் பழைய மீட்டர் ஒன்று இருக்கிறது, அதை யாரும் தொட்டிருக்க முடியாது, மூன்று வருட அளவும் அதன் காகிதச் சுருளில் பதிவாகியிருக்கும் என்று சொன்னேன். அது உண்மைதான். பொய் சொல்லி அவளை உள்ளே அனுப்பினேன் என்று எழுதாதீர்கள். சுருளை நாளைக்குச் சபையில் விரித்துக் காட்டலாம் என்று அவள் முகம் மலர்ந்தது. வாசலில் என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ வராதே. உள்ள என்ன வெச்சிருக்காங்களோ. நான் போறேன்."

போனாள். கதவைச் சாத்தினேன். அந்த அறைக் கதவைத் திறந்து வைக்கக் கூடாது என்பது விதி. பிறகு நைட்ரஜன் வால்வைத் திறந்தேன். அதற்கு வாசனை இல்லை, எரிச்சல் இல்லை, சத்தமும் இல்லை. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், அக்கா சுருளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை போலிருக்கிறது, சுருள் நழுவி விழுந்தது. பயிற்சி பெற்றவள், உடனே புரிந்துகொண்டாள். கண்ணாடியை நான்கு தடவை குத்தினாள். பிறகு என்னைப் பார்த்துக் கையை வீசினாள், வெளியே ஓடு, ஓடு என்று. கசிவு என்று நினைத்திருக்கிறாள். எனக்கும் ஆபத்து என்று நினைத்திருக்கிறாள்.

நான் ஓடவில்லை. என் பக்கத்தில் காற்று நன்றாகத்தான் இருந்தது. என் அறைக்குத் தனிக் குழாய் உண்டு, எப்போதும் இருபத்தொன்று. வீட்டில் என் படுக்கைக்கும் ஒன்று இழுத்து வைத்திருந்தேன். ஏன் அம்மாவுக்கு இழுக்கவில்லை என்று நேற்று கேட்டீர்கள். யாராவது ஒருவர் தெளிவாக இருந்தால் போதாதா?

அவள் கீழே விழுந்ததிலிருந்து ஆறு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தேன். கையில் குறித்த எண் அதுதான். நான்குக்குள் திறந்தால் எழுந்து நடந்துவிடுவாள், எட்டுக்கு மேல் போனால் சான்றிதழ் எழுத வேண்டிவரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆறாவது நிமிடம் கதவைத் திறந்து, அக்காவைத் தூக்கி வந்து படுக்கவைத்து, மூக்கில் குழாய் வைத்தேன். என் முதுகு ஒடிந்துவிட்டது. கனம் அப்படி. கொலை செய்கிறவன் கதவைத் திறப்பானா, நீங்களே சொல்லுங்கள்.

படையாள் ஆனதால் பிழைத்துக்கொண்டாள். பேச்சு வரவில்லை, அவ்வளவுதான். ஊட்டினால் சாப்பிடுகிறாள். உட்காரவைத்தால் உட்காருகிறாள். யாரைப் பார்த்தாலும் சிரிக்கிறாள். வீட்டில் அம்மாவும் அவளும் ஜன்னலோரம் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். பார்க்கவே நன்றாக இருக்கும்.

ஆணியில் தொங்கிய அவள் உடையை நான் மறந்துவிட்டேன். அதன் காற்றுமானி ஒவ்வொரு நாளும் அவள் படைக்கப்பலுக்கு அளவை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. விடுமுறை முடிந்தும் அவள் திரும்பவில்லை. அவளைத் தேடி நீங்கள் வந்தீர்கள். ஒரே பிற்பகலில் இரண்டாம் இயந்திரத்தைச் சரி செய்துவிட்டீர்கள். கைதேர்ந்த ஆட்கள்தான், ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது வெளியே கேட்கிற சத்தம் எனக்குச் சகிக்கவில்லை. நகரமே விழித்துக்கொண்டு தன் பிணங்களை எண்ணுகிறது. தலைவரைத் தெருவில் இழுத்துப் போனார்களாம். டாக்டரம்மா வீட்டுக் கதவு தெருவில் கிடக்கிறதாம். நேற்று அம்மா இங்கே வந்திருந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினாள். அதில் எழுதத் தகுந்த வார்த்தை ஒன்றுகூட இல்லை. "உனக்கு அவ என்னடா பண்ணா" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள், காவலர்கள்தான் தூக்கிப் போனார்கள்.

அக்காவும் கூட வந்திருந்தாள். அந்த ஒரு மணி நேரமும் அவள் ஒரு சொல் சொல்லவில்லை, முகம் சுளிக்கவில்லை, என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாற்பதாயிரம் பேரில் அவள் ஒருத்திதான் என்னை மன்னித்துவிட்டாள்.