குறுக்கே மலை

— ஆம்புலன்ஸ் வண்டி இன்னும் ஆசிரமத்தாண்டயே நிக்குது சார். அடி அண்ணாமலையில யாருக்கோ நெஞ்சு வலினு நம்ம ஆப்ல சிவப்பா அடிச்சுக்கிட்டே இருக்குது.

— பதறாத தென்றல். பக்கத்துல இருக்கற வண்டியைத்தானே அனுப்பியிருக்கு? பேசிக்கா, கணிதம் பதறாது. இன்னிக்கு ஆப் தொடக்க விழா மேடையில அதைத்தான் சொல்லப் போறேன். 'தம் கைபேசிக்குள் கணிதம் இருப்பதையே நம் மாணவர்கள் அறியவில்லை.' சர்வேல பாதிப் பேருக்குத் தெரியல, வெக்கம். என் வீட்டுக்காரி சரசுகூட, ஆப் நல்லபடியா ஓடணும்னு வேண்டிக்கிட்டு செருப்பில்லாம மலை சுத்தப் போயிருக்கா. கணிதத்து மேல அவ்வளவு பக்தி.

— பௌர்ணமிக் கூட்டம் சார், வண்டி நகரவே முடியல. காஞ்சி ரோட்டுல வேணு அண்ணன் வண்டி சும்மா நிக்குது. அங்க ரோடு காலி.

— அது தூரம் ஜாஸ்தினு ஆப்பே காட்டுதே.

— நேர்கோட்டுல அளக்குது சார். ஆப் எழுதின அருண்பிரசாத் வெறும் பிதாகரஸைப் போட்டு விட்டிருக்கான்.

— பிதாகரஸ் தப்புங்கறியா? எம்.எஸ்சி. மேத்ஸ் படிக்கற பொண்ணு நீ?

— பிதாகரஸ் தப்பில்ல சார். குறுக்க மலை இருக்குது.

— மலையை அடுத்த வெர்ஷன்ல சேர்த்துக்கலாம்.

— வேணு அண்ணனுக்கு நானே போன் போடட்டுமா?

— மனுஷக் கை பட்டா அது ஆப்பா? துணைவேந்தர் முன்வரிசையில உக்காந்திருக்காரு. டிரைவருங்க எல்லாருக்கும் காலையில ஒத்திகையிலயே கண்டிப்பா சொல்லிட்டேன்.

— வெளி ஆம்புலன்ஸையாவது கூப்பிடலாமே சார்?

— நம்ம விழா அன்னிக்கேவா?

— ஆப்ல உதவி கேட்ட நம்பருக்கு அடிச்சேன் சார். இளநிக் கடைக்காரர் ஒருத்தர் எடுத்தாரு. அந்தம்மாவுக்குப் பேச்சு வரலையாம்.

— பேரு கேட்டியா? மேடையில சொல்லலாம். 'கணிதம் காத்த முதல் பக்தை.'

— அவருக்குத் தெரியல சார். அந்தப் போன்ல கடைசியா பேசினது 'பேராசிரியர் முனைவர் ராஜேந்திரன், துறைத்தலைவர்'னு இருக்குதாம்.

— ...அது நான் சரசு போன்ல ஏத்திக் குடுத்த பேரு. வேணுவைக் கூப்பிடும்மா. நான் சொன்னேன்னு சொல்லு, உடனே கிளம்பட்டும்.

— இப்பதான் போன் போட்டுச் சொல்லிட்டேன் சார். ஆப் சொல்லாம, சாரே கூப்பிட்டாலும் நகரக் கூடாதுனு ஒத்திகையில நீங்கதான் சொன்னீங்களாம். இதுவும் டெஸ்ட்தானேனு சிரிச்சுட்டு போனை அணைச்சுட்டாரு.